செல்லாண்டி நகரில் யாரும் இல்லை

வணக்கங்கய்யா. கோகிலவாணி வீடு இதுதானே? நீங்க அப்பாவா? நான் தனசேகரன். அவங்க வேலை பார்த்த கம்பெனியில மேனேஜர். என் பேரைச் சொல்லியிருப்பாங்களே... சொன்னதே இல்லையா? சரி, விடுங்க. ஆள் இருக்காங்களா? வெளிய போயிருக்காங்களா? இப்ப வந்துடுவாங்கன்னா, இப்பன்னா எப்பங்கய்யா? தப்பா எடுத்துக்காதீங்க, இன்னிக்கு எனக்கு ஒரு இடத்துல இருப்புக் கொள்ளல. உக்காருங்கறீங்க, சரி, உக்காந்துட்டேன். காபியெல்லாம் வேண்டாம். அம்மா போட்டுட்டாங்களா? அப்பக் குடுங்க.

வேர்வையைப் பார்க்காதீங்க, நடந்து வந்தேன். இன்னிக்குன்னு பார்த்து காரை சர்வீஸுக்கு விட்டிருக்கேன். செல்லாண்டி நகர்னு கேட்டு பஸ் ஏறுனா, கண்டக்டர், "அங்கெல்லாம் நிக்காது, டோல்கேட்ல இறங்கி நடந்துக்கங்க"ங்கறார். "ஸ்டாப்பு இருந்துச்சேய்யா"ங்கறேன். "இருந்துச்சு"ங்கறார். அவ்வளவுதான் பதில். என்ன அநியாயம் பாருங்க. இத்தனை வீடு இருக்கற காலனி, ஒரு பஸ்ஸை நிறுத்தக் கசக்குதா? எவன் போட்ட ரூட்டோ! நீங்கல்லாம் சேர்ந்து ஒரு மனு குடுக்கலாமே. குடுத்தாச்சா? அதான் வேணும். கேட்டாத்தான் கிடைக்கும்.

ஐயா, நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். திரும்ப வேலைக்கு. இன்னிக்கே வந்து உக்காந்தாங்கன்னா ரொம்ப நல்லது. நாளைக்குக் காலையில எங்களுக்குப் பெரிய மீட்டிங். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். அந்தப் பதில் உங்க பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லலேன்னா எங்க டீமையே கலைச்சுடுவாங்க. எனக்கு இந்த வயசுல வேற எவன் வேலை தருவான், சொல்லுங்க. காலையிலேருந்து சோறு இறங்கல எனக்கு.

அதோ! அந்த ஸ்கூட்டர்ல போறது அவங்கதானே? கோகிலவாணி! கோகிலா! என்னங்கய்யா, திரும்பிக்கூடப் பார்க்காம காலனிக்குள்ள போயிட்டாங்க. பின்னாடி உக்காந்திருந்த அம்மா யாரு, சொந்தமா? பக்கத்துத் தெருவா? சரி, விட்டுட்டு வரட்டும்.

அவங்க எங்ககிட்ட என்ன வேலை பார்த்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டும் தெரியுமா? நான் சொல்றேன் கேளுங்க. இந்த டவுன் முழுக்க எங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. ஒவ்வொரு ரோடு, ஒவ்வொரு முக்கு, ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பு. எந்த ஏரியாவிலேருந்து எத்தனை பேர் காலையில கிளம்புவாங்க, எந்த வழியா போவாங்க, எங்க மாட்டிக்கிட்டு நிப்பாங்க, எல்லாம் அதுல வந்துடும். ஒரு மேம்பாலம் வந்தா என்ன ஆகும்னு நிஜ ஊர்ல கட்டிப் பார்த்துட்டு இடிக்க முடியுமா? அதுல முடியும். கட்டுவோம், ஓட்டிப் பார்ப்போம், பிடிக்கலேன்னா எடுத்துடுவோம். யாருக்கும் ஒரு சிரமம் கிடையாது.

முன்னாடியெல்லாம் பாலம் வச்ச ஊர் ஒரு ஃபைல், பாலம் இல்லாத ஊர் ஒரு ஃபைல், ஒன்வே போட்ட ஊர் ஒரு ஃபைல்னு தனித்தனியா வச்சிருந்தோம். ஃபைனல், நியூ ஃபைனல், நியூ ஃபைனல் ஒரிஜினல், தனா சார் ஃபைனல். எது நிஜமான ஊருன்னு எங்களுக்கே தெரியாது. அதுக்குத்தான் இந்த சாஃப்ட்வேர் வாங்குனோம். இதுல இருக்கற ஊர் ஒண்ணே ஒண்ணு, அதுல யாரும் கை வைக்கக் கூடாது. மாத்தணும்னு நினைக்கறதை ஒரு கார்டுல எழுதணும். இந்த இடத்துல பாலம் போடு, ஒரு கார்டு. அந்த ரோட்டை அகலமாக்கு, இன்னொரு கார்டு. ஊர் மேல இந்தக் கார்டுகளை வரிசையா அடுக்குனா அது ஒரு சினாரியோ. நாளைக்கு ஊர் இப்படி இருந்தா எப்படி இருக்கும்னு பார்க்கறது. ஒரு கார்டை உருவுனா அந்தப் பாலம் போச்சு, மத்ததெல்லாம் அப்படியே நிக்கும்.

உங்க பொண்ணு இதுல கில்லாடிங்கய்யா. நான் சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். நூத்துக்கணக்கான கார்டு, எது எது மேல உக்காந்திருக்கு, எதை எடுத்தா எது விழும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அது போனதுலேருந்து ஒரு பயலுக்கும் ஒண்ணும் புரியல. எனக்குப் புரியும், நான் மேனேஜர், ஆனா நான் அவ்வளவு உள்ள இறங்கறதில்ல.

போன்... ஒரு நிமிஷங்கய்யா. "ஹலோ, சார்... ஆமா சார், அவங்க வீட்டுலதான் சார். பேசிக்கிட்டே இருக்கேன் சார். ஒத்துக்கிட்ட மாதிரிதான் சார்." எங்க டைரக்டர். மனுஷன் மதியத்துலேருந்து உயிரை எடுக்கறார். நீங்க இன்னும் ஒண்ணும் ஒத்துக்கலதான், தெரியும், அவருக்கு வேற என்ன சொல்றது? அந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைக்கலாங்களா?

ஏன் போனாங்கன்னா கேக்கறீங்க? வீட்டுல சொல்லலையா? அதைத்தான் நான் பெருந்தன்மைன்னு சொல்லுவேன். என்கிட்ட கேட்டீங்கன்னா ஒரு சப்பை விஷயம். ஒரு டிக்கு. கம்ப்யூட்டர்ல சின்னக் கட்டத்துல ஒரு டிக்கு.

அதாவது, கார்டு மேல கார்டு வைக்கும்போது சில சமயம் ரெண்டு கார்டுக்கும் ஒத்துப்போகாது. பைபாஸை அகலமாக்குன கார்டு, இந்தப் பக்கத்து சர்வீஸ் ரோட்டை எடுத்துட்டு, கொஞ்சம் தள்ளிப் புது சர்வீஸ் ரோடு போட்டுச்சு. பஸ் கார்டு என்ன சொல்லுது? பழைய சர்வீஸ் ரோட்டுல ஸ்டாப்பு இருக்குன்னு சொல்லுது. பழைய ரோடுதான் இல்லையே? ஸ்டாப்பு எங்க நிக்கும்? உடனே சாஃப்ட்வேர் முழிச்சுக்கிட்டுக் கேக்கும்: நிறுத்தட்டுமா, இல்ல இதை விட்டுட்டு மேல போகட்டுமா? நிறுத்துன்னா ஒவ்வொரு தடவையும் நிக்கும். முழுசா ஓட ஒரு பகலே ஆகும். பாதியில நின்னா மறுபடி முதல்லேருந்து. மேல போன்னு ஒரு டிக்கு போட்டுட்டா அது பாட்டுக்கு ஓடும். நான் டிக்கு போட்டேன். ஊர் உலகத்துல எல்லாரும் போடறதுதான்.

உங்க பொண்ணு வந்து நிக்குது. "சார், ஒரு ஸ்டாப்பு விட்டுப் போயிருக்கு." எந்த ஸ்டாப்பும்மான்னு பார்த்தா, செல்லாண்டி நகர்! அதோட சொந்த ஸ்டாப்பு! நான் சிரிச்சுட்டேன். மறுநாளும் வந்துச்சு, அடுத்த வாரமும் வந்துச்சு. ஐயா, நான் ஒரு விஷயத்துல ரொம்பக் கறார். பொதுவேலையில சொந்த விஷயம் கலக்கவே கூடாது. எங்க வீட்டுத் தெருவுக்கு நான் இதுவரைக்கும் ஒரு ஸ்பீடு பிரேக்கர் கேட்டதில்ல. அதனால எல்லாரையும் வச்சுக்கிட்டே சொன்னேன்: "கோகிலவாணி, உங்க வீட்டு வாசல்ல பஸ்ஸை நிறுத்தறதுக்காக நாம மாடல் போடல." எல்லாரும் சிரிச்சாங்க. அதுவும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அப்புறம் கேக்கல. அப்ப நான் சொன்னது சரிதானே? நியாயம் அது பக்கம் இருந்தா விட்டிருக்குமா?

இதோ திரும்பப் போறாங்க பாருங்க! கோகிலா, ஒரு நிமிஷம்மா! ...போயாச்சு. என்னங்கய்யா இது, இப்பத்தான் உள்ள போனாங்க, உடனே வெளிய போறாங்க. இவ்வளவு படிச்ச பொண்ணு, ஷேர் ஆட்டோ ஓட்டற மாதிரி.

அந்த ஸ்டாப்பு விஷயத்துக்காகப் போகல அவங்க. போனது வேற விஷயம். ஆடி மாசத்துக்கு அப்புறம் தினமும் லேட்டு. அது வரைக்கும் மணி அடிச்ச மாதிரி வந்த பொண்ணு. காரணம் கேட்டா, "எங்க தெருவுல நாலஞ்சு பேரை டோல்கேட்ல கொண்டு விட்டுட்டு வரேன் சார், பனியன் கம்பெனிக்குப் போறவங்க, வயசானவங்க, பைபாஸ்ல நடக்கப் பயப்படறாங்க"ன்னு ஒரு கதை. எனக்கு எரிச்சலாகுமா ஆகாதா? இது என்ன ஆபீஸா, சத்திரமா? ஊருக்கு உபகாரம் பண்ணணும்னா ஞாயித்துக்கிழமை பண்ணட்டும். அது கணக்குல அரை நாள் லீவு போட்டேன். ஒரு தடவை இல்ல, பல தடவை போட்டேன். மேனேஜர்னா போட்டுத்தான் ஆகணும். கார்த்திகையில ஒருநாள் மேஜையைத் துடைச்சு வச்சுட்டு, "வரேன் சார்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. லேட்டைத் தட்டிக் கேட்டா யாராவது வேலையை விடுவாங்களா? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை தாங்காது.

என்னங்கய்யா? ஆடியிலதான் பஸ் நிக்கறதை நிறுத்துனாங்களா? அப்படியா. அது... இருக்கலாம். புது ரூட்டெல்லாம் ஆடியிலதான் வந்துச்சு. எங்க ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் கவர்ன்மெண்ட்ல போட்டாங்க. ரொம்பப் பாராட்டுனாங்க, பஸ்ஸெல்லாம் சீக்கிரம் போகுதுன்னு. இல்லீங்க, அது வேற, இது வேற. எங்களது மாடல். அதை வச்சு அவங்க பஸ் விட்டா அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்? நாங்க ஒரு ஸ்டாப்பையும் எடுக்கச் சொல்லல. விட்டுப் போச்சு. எடுக்கறது வேற, விட்டுப் போறது வேறங்கய்யா. காபி நல்லா இருக்கு. கொஞ்சம் சர்க்கரை தூக்கல்.

இப்ப நாளைக்கு என்ன கேள்வின்னு சொல்றேன். கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க, எங்க ரிப்போர்ட்டுக்கெல்லாம் அவங்கதான் கையெழுத்து. பைபாஸ் நடுவுல ஒரு கேப்பு இருக்கில்ல, உங்க காலனி ஆளுங்க குறுக்க போக வர, அந்தத் தடுப்புச் சுவர்ல இருக்கற வழி. அதை அடைக்கறதா பிளான். வண்டியெல்லாம் நிக்காம போகலாம். மாடல்ல ஓட்டிப் பார்த்துட்டோம், அருமையா இருந்துச்சு. எல்லாத்தையும் பார்த்துட்டு மேடம் ஒரு இடத்துல விரலை வச்சாங்க. "மிஸ்டர் தனசேகரன், இந்த ஏரியாவில இவ்வளவு வீடு இருக்கே, காலையில ஒருத்தர்கூட வெளிய கிளம்பலையே, ஏன்?" நானும் அப்பத்தான் பார்த்தேன். பூஜ்யம். வேலைக்குப் போறவங்க பூஜ்யம். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க பூஜ்யம். ஆஸ்பத்திரி, சந்தை, கோயில், எல்லாத்துக்கும் பூஜ்யம்.

நான் என்ன சொல்றது? வாயில வந்ததைச் சொல்லிட்டேன். "எல்லாரும் வீட்டுலேருந்தே வேலை பார்க்கறாங்களோ என்னவோ மேடம்"னு. நீங்க சிரிக்கறீங்க. அவங்க சிரிக்கல. "பிறந்த குழந்தையுமா?"ன்னு கேட்டாங்க. "நாளைக்கு எனக்குக் காரணம் வேணும், அதைப் பார்த்துட்டுத்தான் கேப்பை அடைக்கறதுல கையெழுத்துப் போடுவேன்"னுட்டாங்க.

காரணம் இருக்கும், ஏதோ ஒரு கார்டுல இருக்கும். உங்க பொண்ணு வந்து உக்காந்தா ஒரு காபி குடிக்கற நேரத்துல எடுத்துடும். எனக்கு வேண்டியது ஒரு நல்ல, கௌரவமான காரணம். சாஃப்ட்வேர் பழைய வெர்ஷன், அதனால வந்த கோளாறு, அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும், இந்த மாதிரி. மேடம் கையெழுத்துப் போட்டுடுவாங்க, எங்க டீமும் பொழைச்சுக்கும்.

கேப்பா? கேப்பை அடைப்பாங்கதான். அது பிளான்ல இருக்கே. அதனால என்னங்கய்யா, அடைச்சா அடைக்கட்டும், அடுத்த வருஷம் திறக்கற மாதிரி ஒரு கார்டு போட்டுடலாம். சின்ன வேலை. அது வரைக்கும் நீங்க மேம்பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வரணும், அவ்வளவுதானே. எவ்வளவு தூரம் இருக்கும்? ...நடந்தா? நடந்து யாரு போவா? ...ஓ. சரி. அதை நான் யோசிக்கல. இல்ல, யோசிக்கலன்னு இல்ல, மாடல்ல இங்க ஆளே இல்லாததால அது எங்க கண்ணுக்கு வரல.

அப்படிப் பார்க்காதீங்கய்யா. நான் கெட்டவன் இல்ல.

வந்துட்டாங்க! வாங்க கோகிலவாணி, வாங்கம்மா. நல்லா இருக்கீங்களா? இளைச்சுட்டீங்க. வெயில்ல இப்படி வண்டியில அலையலாமா? உக்காருங்க. உங்க வீட்டுல உங்களையே உக்காரச் சொல்றேன் பாருங்க. இவங்கல்லாம்... உங்க தெருக்காரங்களா? வணக்கம்மா, வணக்கம். எல்லாரும் வாசல்லயே நிக்கறாங்களே. சரி. நான் நேரா விஷயத்துக்கு வரேன். பழசெல்லாம் மறந்துடுவோம். லீவு போட்டதையெல்லாம் எடுத்துடறேன். சீனியர்னு போட்டுத் தரேன். செல்லாண்டி நகர் ஏன் பூஜ்யம் காட்டுது, அதை மட்டும் சொல்லுங்க.

...தெரியுமா? இங்கயே சொல்லிடுவீங்களா? கம்ப்யூட்டர் வேண்டாமா? இருங்க, இருங்க. ஸ்டாப்பு போச்சு, சரி. புது சர்வீஸ் ரோட்டோட காலனித் தெரு ஒட்டல, அதுவும் விட்டுப் போச்சா? அப்ப இந்தக் காலனியிலேருந்து எந்த ரோட்டுக்கும் வழியே இல்ல. வழி இல்லாத இடத்துலேருந்து யாரும் கிளம்ப மாட்டாங்க. அதனால பூஜ்யம். அடேங்கப்பா. அப்ப எல்லாத்துக்கும் காரணம் அந்த...

அந்த டிக்கு.

சரி, சரி, எந்த டிக்குன்னு எனக்குப் புரியுது, கோகிலா. எல்லார் முன்னாடியும் விளக்க வேண்டாம். புரிஞ்சுது. இதை மேடம்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாம உக்காந்து யோசிப்போம். நீங்களும் வாங்க, ரெண்டு பேருமா... என்னது? மேடத்துக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்? உங்க மனுவா? நீங்க குடுத்த மனு அவங்ககிட்டதான் போச்சா? அப்ப அவங்க என்கிட்ட ஏன்னு கேட்டது... தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டாங்களா? நான் என்ன சொல்றேன்னு பார்க்கறதுக்கா? ஐயோ. வீட்டுலேருந்து வேலை பார்க்கறாங்கன்னு சொன்னேனே. தெரிஞ்ச ஆள்கிட்டயே போய்ச் சொன்னேனே. ஐயா, நீங்களும் இவ்வளவு நேரம் தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

நாளைக்கு நீங்களும் வர்றீங்களா? மீட்டிங்குக்கு? மேடம் வரச் சொன்னாங்களா? யாரு, கோகிலா மட்டுமா? ...எல்லாருமா? இந்த அம்மாவுமா? பிள்ளைங்களுமா? இந்தத் தெரு முழுக்கவா? எதுல வருவீங்க? பஸ் நிக்காதே இங்க. டோல்கேட்டுக்கு நடந்தா? கேப்பு வழியா கிராஸ் பண்ணியா? காலையில அந்த நேரத்துலயா?

வேண்டாங்கய்யா. நான் சொல்றதைக் கேளுங்க. என்னைத் திட்டுங்க, பரவாயில்ல, ஆனா குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு அங்க கிராஸ் பண்ணாதீங்க. லாரிக்காரன் நிக்க மாட்டான். நான் இப்ப வந்தேனே, எப்படித் தாண்டுனேன்னு எனக்குத்தான் தெரியும். நடுவுல போய் அந்தச் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. ரெண்டு பக்கமும் சர்ரு சர்ருன்னு போறான். சட்டையெல்லாம் காத்துல பறக்குது. பயத்துல அம்மான்னு கத்திட்டேங்கய்யா, நாப்பத்தேழு வயசுல. யாருகிட்டயும் சொல்லல, வெக்கமா இருந்துச்சு. அந்த இடத்துல இந்தப் பச்சப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு...

தினமும் அப்படித்தானா. எல்லாருமா. காலையும் சாயங்காலமும்.

ம்.

இல்லம்மா, காபி போதும். நான் கிளம்பறேன். இருட்டிட்டு வருது. டைரக்டர் வேற கூப்பிடறார், எடுக்கல, அடிக்கட்டும். கோகிலா, நீங்க இன்னும் யாரையோ கூட்டிட்டு வரணும்னீங்களே, நீங்க போங்க, எனக்காக நிக்காதீங்க. ஐயா, நீங்க மட்டும் கொஞ்சம்... சட்டையைப் போட்டுக்கிட்டு என்கூட அந்தப் பக்கம் வரைக்கும் வர்றீங்களா? உங்களுக்குப் பழக்கம் இருக்கும். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்குங்கய்யா. நிஜமாத்தான் சொல்றேன்.

நாளைக்கு மேடம்கிட்ட என்ன சொல்லப் போறேனா? தெரியலங்கய்யா. முதல்ல இந்த ரோட்டைத் தாண்டிக்கறேன். கையைக் குடுங்க.